இரண்டு விரல் இடம்

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்று தொடங்குவதுதான் முறை. அம்மா சுகம். உன் மாமா சுகம். நான் சுகமாக இல்லை. உடனே காய்ச்சலா, ரத்த அழுத்தமா என்று பதறாதே. கோபம். அதுவும் உன் மேல்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன வாரம் நான் கூப்பிட்டபோதெல்லாம் "அக்கா, குரல் விட்டு விட்டு வருது" என்று வைத்துவிட்டாய். உன் பக்கத்தில் உன் மகள் பாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் குரல் மட்டும் உனக்கு விட்டு விட்டு வந்ததாம். அதனால்தான் கடிதம். இதை நீ மடித்து இழுப்பறையில் போட்டாலும் உள்ளே கிடந்து கத்திக்கொண்டே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். முந்தாநாள் எங்கள் மியூசியம் இயக்குநர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நம் மைக் சார்தான். மைக்கைக் கண்டால் விடமாட்டார் என்று அந்தப் பெயரை வைத்தவனே நீதான், அதுவாவது ஞாபகம் இருக்கிறதா? உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு ரொம்ப இதமாகச் சொன்னார்: "உங்க தம்பிகிட்ட நானே பேசிட்டேம்மா. அந்தப் பிள்ளை கையில எதையும் கட்டினதா ஞாபகம் இல்லைன்னுட்டாரு. நீங்க சும்மா மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

ஞாபகம் இல்லை. எப்படிடா வந்தது இந்த வார்த்தை? கட்டவில்லை என்று சொல்லியிருந்தால் அது பொய். கட்டினேன் என்றால் உண்மை. நீ இரண்டுக்கும் நடுவில் சௌகரியமாகப் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாய். என் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சரி. ஞாபகம் இல்லாதவனுக்கு முதலிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியது மூத்தவள் கடமை. கேட்டுக்கொள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலம். மேட்டில் தோண்டிக்கொண்டிருந்தோம். நான்கு பக்கமும் கல் பலகை நட்டு, மேலே ஒரு பலகை போட்டு மூடிய பழங்காலப் புதைகுழி. மூடியை நகர்த்தினால் உள்ளே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு. அதன் இடப்பக்கம் ஒட்டினாற்போல ஒரு பிள்ளையின் எலும்புக்கூடு. பிள்ளையின் இரண்டு கைகளும் மார்பின் மேல். அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மண் குழம்பாகிவிட்டது. ஒவ்வோர் எலும்பாக எடுக்க இனி நேரமில்லை, பிள்ளை கிடக்கிற மண்ணை அப்படியே கட்டியாகப் பெயர்த்து, மேலே மாவுக்கட்டுப் போட்டு, மரச்சட்டத்தில் ஏற்றி அனுப்புங்கள் என்று மைக் சார் ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டார். குழிக்குள் இறங்கினவன் நீ ஒருவன்தான். வேலையாட்கள் வெளியே நின்று தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே ஆய்வுக்கூடத்தில் அந்தச் சட்டத்துக்காக மேசையை ஒழித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நீ என்ன செய்தாய் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் உன்னோடு எத்தனையோ குழிகளில் முழங்கால் தேய்த்தவள் நான். மண் இளகியதும் அந்தப் பிள்ளையின் கை எலும்புகள் நழுவப் பார்த்திருக்கும். பையிலிருந்து பருத்தி நாடாவை எடுத்து இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துக் கட்டினாய். மேலே பசைக் கரைசலை ஊற்றினாய். இறுகியதும் நாடாவை அறுத்து எடுத்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டாய். எப்போதும் நாடாவுக்கு அடியில் ஈரத்தாள் வைப்போம், பசையில் தடம் விழாமல் இருக்க. அன்றைய மழையில் தாளெல்லாம் கூழாகியிருக்கும். அதை நான் குற்றம் சொல்லவே இல்லை. நாடா கட்டியதைப் பதிவில் எழுதாததையும் குற்றம் சொல்ல மாட்டேன். மண்வெட்டி பிடித்ததை யாராவது எழுதி வைக்கிறோமா? நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளில் உனக்கு வெளிநாட்டு மியூசியத்தில் வேலை கிடைத்தது, நீ பறந்துவிட்டாய். மண்கட்டி கிடங்கில் தூங்கியது.

இந்த வருஷம் டிவிக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு மைக் சார் அதைப் பிரித்தார். மாவுக்கட்டு கழன்றதும் மணிக்கட்டைச் சுற்றிப் பசை இறுகிய மண்ணில் கட்டுப் போட்ட தடம். மனிதர் ஒரு நிமிஷமாவது யோசித்தாரா? கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது யாருக்கு யோசனை வரும்? "பலி" என்றார். கையைக் கட்டி நரபலி கொடுத்திருக்கிறார்கள் என்றார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதுதான். அந்த ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள், வரும்போதே இந்தக் கொடூரத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்களா என்றெல்லாம் ஆளாளுக்கு எழுதிக் குவித்துவிட்டார்கள். நம் அலமாரியில் கிடக்கிற ஒரு நாடா, ஒரு கூட்டத்தின் பூர்வீகத்தையே தீர்மானித்துவிட்டது. நீ அதைப் பார்த்துவிட்டு அவருக்குக் கட்டைவிரலை உயர்த்திப் படம் அனுப்பினாயாம். அதையும் என்னிடம் காட்டினார்.

அடுத்த மாதம் கண்காட்சி திறக்கிறார்கள். அந்தப் பிள்ளைதான் நடுக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். "தலைவியின் சவத்தோடு பலியிடப்பட்ட சிறுமி. கைகள் கட்டப்பட்ட நிலை. நடக்க இயலாத, பயனற்ற குழந்தை என்பதால் பலிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம்."

முதலில், சிறுமி என்று யார் சொன்னார்கள்? ஒன்பது வயதுப் பிள்ளையின் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று என்னால் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. சிறுமி என்றால் கூட்டம் நின்று பார்க்கும், அவ்வளவுதான். தலைவி என்பதும் அப்படியே. அந்தப் பெண்ணின் பக்கத்தில் இரண்டு மண் கிண்ணம் இருந்தது, வேறு ஒரு மண்ணும் இல்லை. இதையெல்லாம்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டிருப்பேன்.

பயனற்ற என்கிறாரே, அதை விட மாட்டேன்.

கட்டைப் பிரித்த பிறகு அந்தப் பிள்ளையை என் மேசையில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தவள் நான். கால் எலும்புகள் நாணல் மாதிரி மெலிந்தவை. இடுப்புக் குழி ஆழமே இல்லை. ஒரு நாள்கூட எழுந்து நின்ற கால் இல்லை அது. அப்படிப்பட்ட பிள்ளை ஒன்பது வருஷம் இருந்திருக்கிறது, டாக்டர் இல்லாத காலத்தில். வலது முன்கை எப்போதோ ஒடிந்திருக்கிறது. ஒடிந்த இடம் கோணாமல் நேராகக் கூடியிருக்கிறது. அப்படியென்றால் யாரோ மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, அது கூடும் வரை ஆடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல் தேயவே இல்லை. அந்த மேட்டுக் குழிகளில் கிடைத்த மற்ற எல்லாருடைய பல்லும் மணல் கலந்த தானியத்தைத் தின்று தேய்ந்து கிடக்க, இதற்கு மட்டும் யாரோ தனியாகக் கடைந்து குழைத்து ஊட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. வால் எலும்பைத் தேடித் தேடிப் பார்த்தேன். படுக்கைப் புண் எலும்பு வரை போனால் தடம் விழும். இதில் தடமே இல்லை. காலமெல்லாம் படுத்தே கிடந்த பிள்ளைக்கு ஒரு புண் தடம்கூட இல்லை. அது எப்படி நடக்கும் என்று நம் வீட்டில் பிறந்தவனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. திருப்பித் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். துடைக்க வேண்டும். பகலெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

அதைச் செய்தவர்களைத்தான் இந்த மனிதர் கொலைகாரர்கள் என்று பலகை எழுதி மாட்டுகிறார்.

நான் சும்மா இருக்கவில்லை. தடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு ஓரமும் கோடு போட்டாற்போல் நேர். இழைக்கு இழை ஒரே இடைவெளி. இயந்திரத்தில் நெய்தது என்று கண்ணுள்ளவருக்குத் தெரியும். நம் அலமாரியிலிருந்து நாடாச் சுருளை எடுத்து, ஈரக் களிமண்ணில் அழுத்தி, இரண்டு தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மைக் சாரிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆச்சரியமா இருக்கும்மா, இன்னிக்கு மெஷின் நெய்யற அளவுக்கு அன்னிக்கே நெய்திருக்காங்களே" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், கேலியாகச் சொல்லவில்லை. இப்போது அந்தக் காலத்து நெசவுத் திறமை என்று தனியாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார். சிரித்தேன், சிரிப்பு அடங்கியதும் அழுகை வந்தது.

உண்மையில் நாடாவை வைத்து நான் கண்டுபிடிக்கவில்லை. பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முடிச்சைப் பார்த்துத் தெரிந்தது.

கடைசி வரை நடக்காத நம் தங்கை பாப்பாவை அம்மா முதுகில் தூக்கிக்கொண்டு போவாளே, பாப்பாவால் கழுத்தைக் கட்டிப் பிடிக்க முடியாது என்று இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து துணியால் சேர்த்துக் கட்டுவாளே. சுற்றியதும் உள்ளே இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். விரல் தாராளமாகப் போக வேண்டும், அப்போதுதான் முடிச்சுப் போடுவாள். முடிச்சும் நடுவில் இருக்காது, நரம்பை அழுத்தக் கூடாது என்று பக்கவாட்டில் தட்டையாகச் சரித்துப் போடுவாள். உனக்கும் எனக்கும் அதே மாதிரி கட்டக் கற்றுக் கொடுத்தாள். பேருந்து பார்க்க வேண்டும் என்று பாப்பா அழும்போதெல்லாம் அவளை முதுகில் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினவன் நீ. நீ ஓடுகிற ஓட்டத்தில் அவள் சிரிக்கிற சிரிப்பு வீடு வரை கேட்கும்.

படத்தில் மணிக்கட்டுக்கும் தடத்துக்கும் நடுவே அந்த இடைவெளி இருக்கிறது. பக்கவாட்டில் சரிந்த அந்தத் தட்டை முடிச்சு இருக்கிறது. கொட்டும் மழையில், சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு, வெறும் எலும்புக்கு வலிக்கக் கூடாது என்று இரண்டு விரல் இடம் விட்டுக் கட்டியிருக்கிறாய். உன் கை எதையும் மறக்கவில்லை. வாய்க்குத்தான் ஞாபகம் இல்லை.

பெரியப்பா ஒரு தடவை அம்மாவிடம் பாப்பாவைக் காட்டி "இதை வெச்சுக்கிட்டு என்ன பிரயோஜனம்" என்று கேட்டார். நீ ஓடிப்போய் அவர் கையைக் கடித்துவிட்டாய். ரத்தம் வந்துவிட்டது. அப்பா உன்னை அடிக்க வந்தபோது அம்மா குறுக்கே நின்றாள். அந்தப் பெரியப்பா சொன்ன அதே வார்த்தையைத்தான் இப்போது நல்ல எழுத்தில், பித்தளைப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். உனக்கு அது பொறுக்கிறதா?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கட்டியது நான், பருத்தி நாடாவால், எலும்பு நழுவாமல் இருக்க என்று மியூசியத்துக்கு மூன்று வரி எழுது. குழிக்குள் இருந்தவன் நீ ஒருவன்தான். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வதெல்லாம் பொறாமை பிடித்தவளின் புலம்பல் என்றே ஆகும். இப்போதே என்னை எலும்புப் பக்கமே வராதே என்று கிடங்குக்கு மாற்றிவிட்டார். நாளெல்லாம் பானை ஓடு கழுவுகிறேன். கழுவுவது கேவலமில்லை, ஆனால் கோபத்தில் ஓடு உடைகிறது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தெளிவாகத் தெரிகிறதாம். தெருவில் நடந்தால் மருந்துக்கடை, செருப்புக்கடை, "இங்கே வண்டி நிறுத்தாதே" என்று எல்லாப் பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருகிறாள். உன் மாமா பத்தடி முன்னால் போய்விடுகிறார். இந்தப் பலி விவகாரம் எதுவும் நான் அவளிடம் சொல்லவில்லை. பத்திரிகையை ஒளித்து வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் நாட்டில் காதை மூடிக்கொண்டு போ. பதில் எழுது.

கோபத்தோடும் அதைவிட அதிகமான பாசத்தோடும்,
உன் அக்கா


அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்தது, அம்மாவுக்கு நீ அனுப்பிய சத்து மாத்திரையும் வந்தது. மாத்திரைக்கு நன்றி. கடிதத்துக்கு நன்றி சொல்ல வரவில்லை.

ஐந்து பக்கம் எழுதியிருக்கிறாய். கட்டினேன் என்று எழுத அரைப் பக்கம் போதும், கட்டினேனா இல்லையா என்று சுற்றி வளைக்கத்தான் ஐந்து பக்கம் வேண்டும். உன் வேலை ஒப்பந்தம் இந்த வருஷம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்கிறாய். அதற்கு மைக் சார் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்கிறாய். அவரே அங்கே வந்து இந்தப் பலியைப் பற்றிப் பேசப் போகிறார், மேடையில் அவரை அறிமுகம் செய்யப் போகிறவன் நீ என்கிறாய். இதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. உன் மனைவி, குழந்தை, அந்த வீடு, குளிர். உன் வயிற்றில் அடித்துக்கொள் என்று உன் அக்கா சொல்வாளா? ஆனால் ஒன்று யோசி. இரண்டு வருஷமாக நீ அங்கே செய்கிற வேலையைப் பார்த்தும் இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால்தான் உன்னை வைத்துக்கொள்வார்கள் என்றால், அது உன் கைக்கு எவ்வளவு பெரிய அவமானம்.

"பலியிட்டிருக்கலாம், பலியிடாமலும் இருந்திருக்கலாம் என்று பலகையில் சேர்த்துவிடச் சொல்லக்கா" என்று யோசனை வேறு சொல்கிறாய். கொன்றும் இருக்கலாம், கொல்லாமலும் இருக்கலாம் என்று அம்மாவைப் பற்றி யாராவது வாசலில் பலகை மாட்டினால் நீ அதைத் துடைத்துப் பளபளப்பாக வைப்பாயா? நடுநிலைமையாம். சப்பைக்கட்டுக் கட்டுவதிலும் நீ கெட்டிக்காரன் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறாயே, "செத்துப் போனவங்களுக்கு இதனால என்னக்கா நஷ்டம்" என்று, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். செத்துப் போனவர்களால் வந்து மறுப்புச் சொல்ல முடியாது, நஷ்டம் அதுதான். நம்மைப்போல எலும்பைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் நாலு பேர்தான் அவர்களுக்கு வாய். அந்த நாலு பேரில் ஒருவன் விருந்தாளியை அறிமுகப்படுத்தப் போய்விட்டால் பிறகு அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? செத்தவர்களுக்கு நஷ்டமில்லை என்றால் பாப்பாவைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நமக்கு நஷ்டமில்லை, அப்படித்தானே? எழுதும்போது உனக்கு இது தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். அந்த இடத்தில் உன் எழுத்து கோணலாக இருக்கிறது.

திட்டியது போதும். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

திறப்பு விழாவுக்கு முன்னால், வேலை செய்கிறவர்களின் வீட்டாரை அழைத்து ஒரு நாள் காட்டுவது வழக்கம். நான் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் நம் வண்டி ஓட்டுநர் இருக்கிறாரே, நல்ல மனுஷர், காய்கறிக் கடையில் அம்மாவைப் பார்த்து "வரலையாம்மா, உங்க புள்ளைங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்ததாச்சே" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அம்மாவை நிறுத்த யாரால் முடியும்? சலவைப் புடவை கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றாள்.

மியூசியத்துக்குள் நுழைந்ததும் பழைய கதைதான். "குடிநீர்" என்றாள். "தொடாதீர்கள்" என்றாள். தீயணைப்புச் சிலிண்டரில் ஒட்டியிருந்ததை முழுக்கப் படித்தாள். பக்கத்தில் வந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நடுக்கூடத்துக்கு வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்து நகர்த்தப் பார்த்தேன். "பாப்பா காலு மாதிரியே இருக்கு" என்றாள்.

சுவரில் மணிக்கட்டின் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். விளக்குப் போட்டு, சிவப்பில் அம்புக்குறி போட்டு. அம்மா அதன் பக்கத்தில் போனாள். தொடாதே என்ற பலகையைப் படித்தவள், நேராகப் போய்த் தொட்டாள். எலும்புக்கும் தடத்துக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் தன் இரண்டு விரலையும் வைத்தாள். படம் பெரிது, விரல் சிறிசு, இருந்தாலும் வைத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சின்னவன் கட்டினதா?" என்றாள்.

நான் சொல்லவில்லை, தம்பி. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகக் கேட்ட பிறகுதான் ஆமாம் என்றேன். அம்மா முகம் எப்படி மலர்ந்தது என்று உனக்கு எழுதத் தெரியவில்லை எனக்கு. பக்கத்தில் நின்ற காவலாளியைக் கூப்பிட்டு, "என் மகன் கட்டினது, வெளிநாட்டுல இருக்கான்" என்று காட்டினாள்.

அப்புறம்தான் பித்தளைப் பலகையைப் படிக்கத் தொடங்கினாள். வாய்விட்டுத்தான். நான் கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. பலியிடப்பட்ட என்று படித்தாள். கைகள் கட்டப்பட்ட என்று படித்தாள். பயனற்ற என்று வந்ததும் நிறுத்திவிட்டாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறுபடியும் உதட்டுக்குள் படித்தாள்.

அந்த நேரம் பார்த்து மைக் சார் வந்து சேர்ந்தார். "என்னம்மா, பயந்துட்டீங்களா? அந்தக் காலத்து ஜனங்க கல்நெஞ்சுக்காரங்கம்மா" என்று ஆறுதல் சொன்னார். அம்மா மரியாதையாகத்தான் சொன்னாள்: "இல்லீங்க, அது என் பையன் கட்டினதுங்க." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாயா என்ற பார்வை. பிறகு சிரித்துக்கொண்டே அம்மாவின் தோளைத் தட்டி, "புள்ளை தூரத்துல இருந்தா பார்க்கிறதெல்லாம் புள்ளை மாதிரிதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கும்பலுக்கு விளக்கம் சொல்லப் போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. "இந்தப் பலகையைச் சின்னவன் பார்த்தானா?" என்று கேட்டாள்.

பார்த்தான் என்றேன்.

"அப்ப சரி" என்றாள். "அவன் இதைப் படிச்சுட்டுச் சும்மா இருக்கிறவன் இல்ல. எழுதியிருப்பான். தபால் வர நாளாகும்." அப்படிச் சொல்லிவிட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள். திரும்பி வரும்போது ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்கவில்லை, ஆனால் முகம் தெளிவாகத்தான் இருந்தது.

உனக்கு ஞாபகம் இல்லை என்று நீ சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை என்பது உனக்கே தெரியும். இதைப் பொய்யாக்குவதும் நிஜமாக்குவதும் இப்போது உன் கையில் இருக்கிறது. திறப்பு விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, தபால் வந்து சேர்கிற அளவுக்கு.

உன் மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். போகவில்லை. ஆனால் நீ என்ன செய்தாலும் உன் மகளுக்கு நான் அத்தைதான், உனக்கு அக்காதான். வேலை போனால் வந்துவிடு. உன் மாமா மாடி அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறார். நான் கேட்காமலேயே செய்தார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் ஒரு வரி சொல்கிறேன், எழுது என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் நான் மாற்றவில்லை:

"நல்லா இருப்பா, கண்ணு. சரியாத்தான் கட்டியிருக்கே, ரெண்டு விரல் விட்டு. பாப்பாவுக்கு வலிச்சிருக்காது."

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மாவும் அக்காவும்